அல்லா பிச்சை கேட்ட இரண்டாவது கேள்வி

பாபநாசத்துக்கும் அய்யம்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். மீதிப் பாதி வீட்டு ஆண்கள் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். யார் கிளம்பினாலும் அல்லா பிச்சையைப் பார்க்காமல் விமானம் ஏறியதில்லை. அவர் ஏஜெண்டு இல்லை, டாக்டர் இல்லை, பள்ளிவாசல் இமாமும் இல்லை. பெட்டி கட்டுகிறவர்.

பெட்டி கட்டுவது ஒரு வேலையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டவன்தான். என் பெயர் மனோகரன்; கடைத்தெருவில் சாக்கு, கயிறு, வாளி விற்கிறேன். பொறுமை எனக்குக் கொஞ்சம் கம்மி, வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டில் சொல்வார்கள். அல்லா பிச்சை பெட்டி கட்டுவது என் கடையின் சிமெண்டுத் தரையில்தான். அவர் தராசு என் கடை உத்தரத்தில்தான் தொங்குகிறது. இத்தனை வருஷம் அவரைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு, இன்னும் பார்க்க அலுக்கவில்லை என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

முதலில் பழக்கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டியை விரலால் தட்டிப் பார்ப்பார். நமத்த அட்டை என்றால் அந்தப் பக்கம் வைத்துவிடுவார். அடியில் அரிசி மாவு, வத்தல், தகர டப்பாவில் திருவையாற்று அசோகா அல்வா. அதற்கு மேல் கைலி, சட்டை. துணிக்கு நடுவே ஊறுகாய் பாட்டில்கள், ஒன்றோடொன்று மோதாமல். கருவாடு என்றால் பாலிதீன், அதன் மேல் பாலிதீன், அதன் மேல் செய்தித்தாள், பெட்டியின் மூலையில் தனிக் குடித்தனம். எல்லாம் வைத்து மூடிக் கையால் ஒரு தரம் தூக்கிப் பார்த்து, “இன்னும் ரெண்டு பொட்டலம் தாங்கும்” என்பார். தராசில் மாட்டினால் அப்படியே இருக்கும். பிறகு நைலான் கயிறு. அவர் போடும் முடிச்சை ஏர்போர்ட்டில் எந்தப் பட்டையில் போட்டு உருட்டினாலும் அவிழாது. ஆனால் சரியான நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தக் கயிறும் கையோடு வந்துவிடும்.

“ரூமுக்குப் போனதும் புள்ளைங்க அவசரத்துல கத்தியத் தேடும். கத்தி இல்லாமலே அவுரணும்” என்பார்.

இதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரும் சவூதியின் தம்மாம் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனவர்தான். ஒருநாள் கூட்டாளி ஒருவனுக்கு ஊரிலிருந்து பெட்டி வருகிறது என்று இவரும் விமான நிலையத்துக்குத் துணைக்குப் போயிருக்கிறார். பெட்டி வாய் பிளந்து வந்திருக்கிறது. அந்தக் கூட்டாளி தரையில் உட்கார்ந்து, ஊறுகாய் எண்ணெயில் புரண்ட அதிரசத் துண்டுகளைக் கைக்குட்டையில் பொறுக்கினானாம். பிறகு காலில் அடிபட்டு அல்லா பிச்சை ஊர் திரும்பிவிட்டார். சம்பாதித்துக்கொண்டு வந்தது ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கைக்குட்டையை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பெட்டி இனி பிளக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் பயணம் கிளம்புகிறார் என்றால் பெட்டியில் அவர் சாமான் பாதிதான். மீதி, அந்த ஊரில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு அவரவர் வீட்டிலிருந்து கொடுத்துவிடுவது. துணியில் வைத்துத் தைத்து, மேலே பெயர் எழுதி வரும். அதற்கு அமானிதம் என்று பெயர். நம்பி ஒப்படைத்த பொருள். அதைப் பிரிக்கக் கூடாது. உள்ளே என்ன என்று கேட்கவும் கூடாது. அல்லா பிச்சை ஒவ்வொரு பொட்டலத்தையும் கையில் வாங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

“ஒழுகுமா?”

ஒழுகாது என்றால் பெட்டிக்குள் போய்விடும். நான் ஒருமுறை வம்புக்கு, “உள்ள தங்கக்கட்டி வச்சுத் தச்சிருந்தா என்ன பண்ணுவீங்க பாய்?” என்று கேட்டேன்.

“தங்கம் ஒழுகாதுல்ல” என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினார். அவர் வாழ்க்கையில் கேட்ட ஒரே கேள்வி ‘ஒழுகுமா’தான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இரண்டாவது கேள்வியை அவர் கேட்ட நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, அதற்கு முந்தின வருஷம், மே மாதம். மேட்டூர் திறக்கவில்லை, குடமுருட்டி மணலாகக் கிடந்தது. பாசித் என்ற பையன் விடுமுறை முடிந்து ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறான். சாயங்காலம் திருச்சியில் விமானம். அன்று ஏறாவிட்டால் வேலை கையை விட்டுப் போகும் நிலைமை. அந்த வருஷம் எண்ணெய் விலை விழுந்து அங்கே பல கம்பெனிகள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தன. பெட்டியை முதல் நாளே கட்டி என் கடையில் வைத்திருந்தார் அல்லா பிச்சை. ராத்திரியில் சாமான் படியும், கயிறு தளரும், அதனால் மறுநாள் காலையில் வந்து இன்னொரு முறை இறுக்குவது அவர் வழக்கம்.

காலையில் வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கயிற்றின் மேல் விரலை ஓட்டினார். பாதியில் நிறுத்தினார். குனிந்து முகர்ந்தார்.

“மனோகரா, ஏதோ இனிப்பு வாசனை வருதுல்ல?”

“அடியில அசோகா இருக்குல்ல பாய்.”

“அசோகான்னா நெய் மணக்கும். இது நெய்யில்லாத இனிப்பால்ல இருக்கு.”

நானும் குனிந்து முகர்ந்தேன். அழுகின அன்னாசிப் பழத்தின் மேல் நகப்பூச்சைக் கொட்டின மாதிரி ஒரு வாசனை. எனக்குத் தலை கிறுகிறுத்தது. அல்லா பிச்சை கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தார். தான் கட்டின பெட்டியைத் தானே அவிழ்த்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மேல் வரிசையில் இருந்த அமானிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து தரையில் வைத்தார். நாலைந்து தாண்டியதும் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தில் கை நின்றது. பச்சை நூலில் நெருக்கமாகத் தைத்திருந்தது. ஒரு கையகலம்தான் இருக்கும். முந்தின நாள் தட்டையாக வாங்கி வைத்த பொட்டலம், இப்போது நடுவில் உப்பித் துணி விறைத்திருந்தது. லேசாகச் சுட்டது.

“ஜன்னத்தக்கா கொடுத்தது” என்றார்.

ஜன்னத் பீவியை ஊரில் எல்லாருக்கும் தெரியும். விடிகாலையில் இடியாப்பம் அவித்து விற்கிறவர். புருஷன் இல்லை. ஒரே மகன் ஜாஃபர் சாதிக், ஷார்ஜாவில் வேலை. பொட்டலம் அவனுக்குத்தான்.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அல்லா பிச்சை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அமானிதம் மனோகரா.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்னமோ உள்ள வெந்துக்கிட்டு இருக்கு, நீங்க அமானிதம் கிமானிதம்னு பேசுறீங்க. சாயங்காலம் இதத் தூக்கிப் பிளைட்டுல ஏத்தப் போறீங்களா?”

அவர் பிடியை விடவில்லை. என் சத்தம் கேட்டு எதிர்ச் சாரியிலிருந்து சபிஹா வந்தாள். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பெண். ஷட்டரைப் பாதி தூக்கினபடி விட்டுவிட்டு வந்தவள், வாசலிலேயே மூக்கைச் சுளித்து நின்றாள்.

“அண்ணே, கத்தரியக் கீழ வைங்க. மாமு, அந்தப் பொட்டலத்த அழுத்தாம, மெதுவா தரையில வச்சிட்டுத் தள்ளி வாங்க. சாக்கெல்லாம் கிட்ட இருக்கு, வாசலுக்குக் கொண்டு போயி வெறுந்தரையில வைங்க.”

“என்ன புள்ள இது?” என்றேன் நான்.

“பேட்டரியா இருக்கும்னு தோணுது. ஊதிப் போயிருக்கு. இரும்பு பட்டுச்சோ, குத்துப் பட்டுச்சோ, தீ புடிச்சிக்கும்.”

கத்தரிக்கோலைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டு மூடினேன். அல்லா பிச்சை பிடித்திருக்காவிட்டால் நான் குத்தியிருப்பேன். அவர் தடுத்தது பேட்டரி என்று தெரிந்து அல்ல, தெரியாமல்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் ஜன்னத் பீவியைக் கூட்டி வந்தேன். இடியாப்ப மாவு ஒட்டின கையோடு, வெள்ளைத் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு வந்து நின்றார். அதற்குள் பாசித்தும் வந்துவிட்டான். தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். அல்லா பிச்சை அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அக்கா, உள்ள என்ன இருக்கு?”

இதுதான் அந்த இரண்டாவது கேள்வி. கேட்டவருக்குத்தான் அவமானம் போல முகம் கறுத்திருந்தது.

“சொல்லணுமா தம்பி?” என்றார் ஜன்னத் பீவி.

“சொல்லித்தான் ஆகணும்க்கா. இதோட பாசித்து ஏறினா அவன் மட்டும் இல்ல, அதுல உள்ள சனம் அத்தனையும் போயிடும்.”

ஜன்னத் பீவி வேடிக்கை பார்த்தவர்களை ஒரு முறை பார்த்தார். எனக்குப் புரிந்தது. “கடை இன்னும் தொறக்கல, போங்க போங்க” என்று நான் விரட்டிய விரட்டில் தெரு காலியானது. இந்த நீளமான வாய் அன்றைக்கு ஒன்றுக்காவது உதவியது.

“போனு” என்றார் மெதுவாக. “முதுகு மூடி தெறிச்சு தெறிச்சு வந்துச்சு. உள்ள காத்து அடச்சிருக்குன்னு நெனச்சேன். ராத்திரி அம்மிக்குழவியத் தூக்கி மேல வச்சிருந்தேன், கொஞ்சம் அமுங்குச்சு. ரப்பர் பேண்டு போட்டு, திரும்பவும் தெறிக்காம இறுக்கித் தச்சேன்.”

சபிஹா கண்ணை மூடித் திறந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. “சரிம்மா. இனி நான் சொல்ற மாதிரி செய்வோம்” என்றாள்.

நான் பைப்படிக்கு ஓடித் தண்ணீர் வாளியோடு வந்தேன். அவள் கை காட்டினாள். “தண்ணி வேணாண்ணே. காஞ்ச மணலு வேணும்.” எங்கள் தெருவில் எந்தக் காலத்திலும் வெளிநாட்டில் சம்பாதிக்கிற சபூராளி யாராவது வீடு கட்டிக்கொண்டிருப்பான், மணலுக்குப் பஞ்சமே இல்லை. குவியலின் மேல்பக்கத்துக் காய்ந்த மணலை ஒரு புது இரும்பு வாளியில் பாதிக்கு அள்ளி வந்தேன். சபிஹா கடையிலிருந்து கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு வந்தாள்.

பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். கத்தி ஆகாது, கத்தரி ஆகாது. அல்லா பிச்சை தையலை எட்டி நின்று பார்த்தார்.

“முடிச்சு எங்க போட்டீங்கக்கா?”

“பேருக்குக் கீழ, ஓரத்துல.”

“சங்கிலித் தையல்தானே? நுனிய எடுத்தா மொத்தமா வரும்.”

சபிஹா கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள். ஜன்னத் பீவி வேண்டாம் என்றார்; நூல் கைக்குத் தெரியாதாம். குனிந்து உட்கார்ந்து, மாவு ஒட்டின நகத்தால் முடிச்சை நெருடினார். பச்சை நூல் ஒரு இழுப்பில் சரசரவென்று வந்தது, அல்லா பிச்சையின் கயிறு வருகிற மாதிரியே. துணியை இதழ் இதழாக விலக்கிவிட்டு ஜன்னத் பீவி தள்ளிப் போனார். அவர் தைத்ததை அவரே அவிழ்த்துவிட்டார். யாரும் அமானிதத்தைப் பிரிக்கவில்லை. அல்லா பிச்சையின் தோள் அப்போதுதான் இறங்கியது.

ரப்பர் பேண்டை சபிஹா ஒரு பிளாஸ்டிக் பட்டையால் நகர்த்திக் கழற்றினாள். கடைசி பேண்டு கழன்றதும் மூடி தானாக எழும்பிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த பேட்டரியைப் பார்த்தேன். தலையணை. சின்ன வெள்ளித் தலையணை. பிஸ்கட் அளவு சாமான், மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை உப்பி உட்கார்ந்திருந்தது. ஒரு மூலையில் பிசுபிசுவென்று ஈரம். போனை மணலுக்கு மேல் சாய்த்ததும் பேட்டரி வழுக்கி மணலில் விழுந்தது. அவள் கைப்பிடி கைப்பிடியாக மணலை அள்ளி, அழுத்தாமல், மேலே தூவினாள்.

“இத எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போயிடணும். கிட்ட வச்சுத் தூக்காதீங்க.”

என் கடையில் நீள மூங்கில் இருந்தது. அல்லா பிச்சை வாளியின் பிடியில் கயிற்றைப் போட்டு மூங்கிலின் நடுவில் தொங்கவிட்டார். ஒரு முனை அவர் தோளில், இன்னொரு முனை என் தோளில். வழியில் குப்பை வண்டிக்காரர் கண்ணுசாமி நிறுத்தி, “என்ன பாய், குப்பையா? வண்டியில போடுங்களேன்” என்றார்.

பின்னாலேயே வந்த சபிஹா, “இத குப்பையில போடவே கூடாதுண்ணே. உங்க வண்டியில வச்சு நசுங்குனா உங்களுக்குத்தான் ஆபத்து” என்றாள். கண்ணுசாமி வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மணலைத் தவிர ஒன்றும் தெரியாததால் எங்களுக்குப் பைத்தியம் என்று முடிவு செய்துகொண்டு போனார்.

குடமுருட்டியின் நடு மணலில் வாளியை இறக்கிவிட்டு, காற்று வருகிற பக்கமாகக் கரையேறி நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியது. ஒரு கொக்கு வந்து வாளிக்குப் பக்கத்தில் நின்றது. எனக்குப் பொறுமை போய்விட்டது. “இதுக்காடா இத்தன கூத்து” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

புஸ் என்று ஒரு சத்தம், பாம்பு சீறினது போல. கொக்கு பறந்தது. வாளியின் மணல் நடுவில் எழும்பியது, பால் பொங்குகிற மாதிரி. வெள்ளைப் புகை கட்டி கட்டியாகக் கிளம்பியது. அடுத்த கணம் மணலைப் பிளந்துகொண்டு தீ நின்றது. எரிந்தது என்று சொல்ல மாட்டேன், நின்றது. ஆள் உயரத்துக்கு ஒரு வெளிச்சம், பட்டப்பகலில், வெயிலையே மங்க வைக்கிற வெளிச்சம். பொறி தெறித்து மணலில் விழுந்து அணைந்தது. அத்தனையும் ஒரு பிஸ்கட் சாமானிலிருந்து. நான் என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். அதில் என் போன் இருந்தது.

அல்லா பிச்சை அரபியில் ஏதோ முணுமுணுத்தார். எனக்கும் சாமி பெயர்தான் வாயில் வந்தது. இவ்வளவு தீயை மடித்து மடித்து ஒரு காகிதக் கனத்துக்குள் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக் கொடுத்த மனுஷ மூளையை என்ன சொல்வது. அதை நாம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக் கதை பேசுகிறோம். தீ அடங்கின பிறகும் சபிஹா கிட்டப் போக விடவில்லை. புகை மூச்சுக்கு ஆகாது, திரும்பவும் பிடிக்கலாம், நாளைக்கு வந்து எடுப்போம் என்றாள். மறுநாள் மிச்சத்தை மணலோடு தகர டப்பாவில் போட்டுக்கொண்டாள். அவள் கடையில் செத்த பேட்டரிகளுக்கென்று தனி டப்பா உண்டு. முனைகளில் டேப் ஒட்டி வைத்து, திருச்சியில் அதை வாங்கிப் பிரித்தெடுக்கிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள்.

ஆனால் அன்று என்னை அசர அடித்தது அந்தத் தீ அல்ல. கடைக்குத் திரும்பியதும் நடந்ததுதான்.

சபிஹா போனைத் துடைத்து, தன் கடையில் இருந்த புது பேட்டரியைப் போட்டு உயிர் கொடுத்தாள். திரையைப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

“அம்மா, இதுல உங்க சிம்மு இருக்கு. இது உங்க போனுல்ல? ஜாஃபர் இந்த நம்பருக்குத்தானே கூப்பிடும்?”

ஆமாம் என்று ஜன்னத் பீவி தலையாட்டினார்.

“இத அனுப்பிட்டு நீங்க எதுல பேசுவீங்க?”

“என்கிட்ட இருந்து என்னா புரயோசனம் புள்ள.” துப்பட்டி நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். “பெருநாளைக்கு முந்தி பேசினான். என் போனு ரிப்பேரா போச்சும்மா, வேற வாங்கினா கூப்பிடுறேன்னான். அதோட சரி. அவன் கூப்பிடுற நேரம் பார்த்து இது அணஞ்சு கெடந்தா? அதான் சார்ஜுலேருந்து எடுக்கவே இல்ல. ராவும் பகலும் அதுலயேதான் கெடந்துச்சு. அப்பறம் யோசிச்சேன். அவன்கிட்டதானே போனு இல்ல. இத அனுப்பிட்டா கூப்பிட்டுடுவான்ல.”

யாருக்குக் கூப்பிடுவான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன் பேசுவதில்லை என்று ஊருக்குத் தெரியக் கூடாது. அதற்குத்தான் அந்த நெருக்கமான தையல். அந்தத் தாய் காத்திருந்த காத்திருப்புதான் பேட்டரிக்குள் போய் ஊதியிருக்கிறது. கடைசியில் தனக்கு இருந்த ஒரே கருவியையும் தைத்து அனுப்பத் துணிந்துவிட்டார். ஆற்றில் பார்த்த வெளிச்சம் அதற்கு முன்னால் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது, மறைக்க உள்ளே போய்ச் சாக்கை எண்ணுவது போல நின்றேன்.

பாசித் என் பின்னாலேயே வந்தான். அல்லா பிச்சையும் வந்தார். பையன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “மாமு, லீவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கெழம ஜாஃபர பள்ளிவாசல் வாசல்ல பார்த்தேன். கையில போனு இருந்துச்சு. பேசிக்கிட்டுத்தான் இருந்தான். என்னப் பார்த்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். அவன் கம்பெனிய மூடிட்டாங்களாம். வேல இல்லாம யாரோ ரூமுல ஒண்டிக்கிட்டு இருக்கான். ஊருக்கு என்ன சொல்றதுன்னு வெக்கம். ஜன்னத்தம்மாகிட்ட சொல்லவா?”

அல்லா பிச்சை யோசித்தார். “உன்ன நம்பி யாரும் இதச் சொல்லி அனுப்பல. ஆனாலும் இந்தச் சேதி அவனோட சாமான். அவனே வந்து பிரிக்கட்டும். நீ கட்டி வை.”

பிறகு பெட்டியை மறுபடியும் அடுக்கினார். ஜன்னத் பீவியின் பொட்டலம் இருந்த இடம் குழியாக நின்றது. பெட்டியில் குழி விடக் கூடாது. விட்டால் வழியெல்லாம் சாமான் ஆடி, அட்டை விட்டுப்போகும். அவர் வேறு எதையும் வைத்து அடைக்கவில்லை.

“அக்கா, இது ஜாஃபர் இடம். எதாச்சும் கொடுங்க.”

ஜன்னத் பீவி சுற்றிலும் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய் வர நேரமும் இல்லை, கார் வந்து நின்றுவிட்டது. பொட்டலம் தைத்திருந்த அந்த வெள்ளைத் துணி, அவருடைய பழைய துப்பட்டியில் கிழித்தது, ஓரமெல்லாம் பச்சை நூல் போன ஊசித் துளை. அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடித்து நீட்டினார்.

அல்லா பிச்சைக்குப் பழக்கதோஷம். “ஒழுகுமா?” என்றார்.

“கொஞ்சம் ஈரமா இருக்கு தம்பி. காஞ்சிடும்.”

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் குழியில் வைத்துக் கயிற்றைக் கட்டினார். பாசித் விமானத்தைப் பிடித்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஜன்னத் பீவிக்குப் போனை வீட்டில் சார்ஜ் போடப் பயம். ஆற்றில் நடந்ததை யாரோ கைகால் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்; யாரோ என்ன, நான்தான். தினமும் இடியாப்ப வியாபாரம் முடித்து என் கடைக்கு வந்து, சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து, சார்ஜ் ஏறி முடியும் வரை போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சபிஹா சொல்லிக் கொடுத்த பாடத்தை ஓதுகிற மாதிரி செய்வார். முதலில் போனை என் கல்லாப்பெட்டியின் மேல் மல்லாக்கப் போட்டு விரலால் சுற்றிவிடுவார். பம்பரமாய்ச் சுற்றினால் முதுகு ஊதியிருக்கிறது என்று அர்த்தமாம். “சுத்தல” என்று எனக்கு அறிவிப்பார். முதுகைத் தொட்டுச் சூடு பார்ப்பார். ஏறி முடிந்ததும் கழற்றிவிடுவார். சார்ஜில் போட்டுக்கொண்டு பேசவே கூடாது.

பேசுவதற்கு ஆள் யார் என்று நினைத்துக்கொள்வேன். சொன்னதில்லை.

ஆற்றில் தண்ணீர் வருவதற்குள்ளேயே ஒரு பகலில் அந்தப் போன் அடித்தது. சார்ஜில் கிடந்தது. அல்லா பிச்சை யாருக்கோ பெட்டி கட்டிக்கொண்டிருந்தார், கயிற்றை விட்டுவிட்டார். திரையில் நீளமான நம்பர். எதிர்க்கடையிலிருந்து சபிஹா எட்டிப் பார்த்தாள். அடிக்கிறது, அடிக்கிறது. ஜன்னத் பீவி எழுந்தார். பதறாமல் சுவரில் சுவிட்சை அணைத்தார். வயரைப் போனிலிருந்து கழற்றினார். கழற்றின வயரைச் சுருட்டி வைத்தார். “எடுங்கக்கா, நின்னுடப் போவுது” என்று என் தொண்டை வரை வந்துவிட்டது. அவர் போனைத் திருப்பி, முதுகில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். பிறகுதான் காதில் வைத்தார்.

“அம்மா, துணி வந்துச்சும்மா” என்று ஒரு குரல், எங்களுக்கே கேட்டது. அதற்கு மேல் அந்தப் பக்கம் அழுகைதான்.

ஜன்னத் பீவி அவனை அழ விட்டார். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கவில்லை. வேலை என்னவாயிற்று என்று கேட்கவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் ஓய்ந்ததும், சாதாரணமாக, முந்தாநாள் பேசின பேச்சின் தொடர்ச்சி போல ஒன்றே ஒன்று கேட்டார்.

“போனு ரிப்பேரு சரியாயிடுச்சா தங்கம்?”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“சரியாயிடுச்சும்மா” என்றான் ஜாஃபர் சாதிக்.

அல்லா பிச்சை குனிந்து, விட்ட இடத்திலிருந்து கயிற்றை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.